துண்டுகளின் விளிம்பு

"இல்லைன்னுதான் வருதா, தம்பி?"

அண்ணி திரையைப் பார்க்கவில்லை; கொழுந்தனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலைத் தீயில் அண்ணன் பம்ப் அறைக்குள் செத்துப்போயிருந்தான். அவன் உதவியே கேட்கவில்லை, தூங்கியிருப்பான் என்றது நிர்வாகம். கடைசியாக அவளுக்கு ஃபோன் செய்தபோது, "பம்ப் ரூம் கதவு திறக்கலன்னு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டேன்" என்றானாம். நாளை விசாரணை முடிகிறது.

"ஜன்னலை உடைச்சிட்டு வந்திருக்கலாமே இந்த மனுஷன்" என்று அன்றிலிருந்து தினமும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகளாகப் பதிவான பேச்சு, தேதியும் நேரமும் தீயில் அழிந்து, கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டாகத்தான் மீண்டிருந்தது. அதை எழுத்தாக்கித் தேடித் தரும் வேலை கொழுந்தனின் அலுவலகத்துக்கு வந்தது. 'பம்ப் ரூம் கதவு திறக்கல' என்று தேடினால், இல்லை என்றே வந்தது.

அவ்வளவையும் ஒவ்வொரு முறையும் படித்துத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு எழுத்திலும் தொடங்கி இறுதிவரை நீளும் பகுதிகளை, அதாவது வால்களை, எல்லாம் அகராதி போல வரிசைப்படுத்தி வைப்பார்கள். பிறகு எந்தச் சொற்றொடரையும், அகராதியில் சொல்லைத் தேடுவதுபோல், நொடியில் எட்டிவிடலாம். ஒரு கணினிக்கு இது மலை. எனவே எழுதிய பேச்சைத் துண்டுகளாக வெட்டி, பல கணினிகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அடுத்த துண்டில் என்ன இருக்கிறது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. ஆகவே பக்கத்துத் துண்டின் தொடக்கத்தில் கொஞ்சத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓட்டின்மேல் ஓடு ஏறி நிற்பதுபோல. ஏறாவிட்டால் இடுக்கு வழியே மழை இறங்கும்; வெட்டில் இரண்டாகப் பிரிந்த சொற்றொடர் தேடலில் சிக்காது.

"வெள்ளோட்டத்துல எவ்வளவு ஏத்திக் கொடுத்தோம்?" என்று கொழுந்தன் திடீரென்று கேட்டான்.

பக்கத்து மேசை மொட்டை கொட்டாவி விட்டான். "பூஜ்யம். ஒத்தை மெஷின்ல என்னடா விளிம்பு, இடுக்கு?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதே அமைப்பைத்தான் எல்லா மெஷினுக்கும்..." மொட்டையின் வாய் பாதியில் நின்றது. "ஐயோ. அந்தப் பூஜ்யமும் கூடவே வந்துடுச்சா?"

கொழுந்தன் மூலத் துண்டுகளைத் திறந்தான். ஒரு துண்டின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் ஒரு துண்டு 'பம்ப் ரூம்' என்று முடிந்தது. அடுத்தது 'கதவு திறக்கல சார், புகை வருது' என்று தொடங்கியது.

"இருக்கு, அண்ணி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவங்க என்ன சொன்னாங்க?" என்றாள்.

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"படிங்க, தம்பி."

"'ஆள் அனுப்பறேன். அங்கயே இருங்க. ஜன்னல் கின்னல் உடைச்சு வைக்காதீங்க, நான்தான் பதில் சொல்லணும்.'"

"உங்க அண்ணன்?"

"'சரி சார்'னு சொல்லியிருக்கார்."

மொட்டை எழுந்து வெளியே போனான். அண்ணி வெகுநேரம் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தினமும் திட்டினேனே" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விசாரணைக்கு அப்படியே அனுப்புங்க. அந்த 'சரி சார்' விட்டுப்போகாம" என்றாள்.