தொடக் கூடாத பலகை

பல்லிடுக்கில் மண். காதுக்குள் மண். டீயை எவ்வளவு ஊதிக் குடித்தாலும் கடைசி வாயில் மண். அந்தப் பாலைவனத்துச் சோலார் பண்ணைக்கு ஒயரிங் பார்க்க வந்த நாலு வருஷத்தில் அவனுக்கு மண்ணின் மேல் ஏற்பட்டிருந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. மண் என்றால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. பலகைகளின் கண்ணாடி மேல் படியும். விடிகாலைப் பனி அதைச் சேறாகக் குழைக்கும். வெயில் ஏறியதும் சுட்டு ஒட்டிக்கொள்ளும். போதாததற்குப் பறவைகள் வேறு தங்கள் பங்குக்கு அலங்காரம் செய்துவிட்டுப் போகும்.

ஒரு மாதமாக மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தூசிதான் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் சோதனைக் கணக்கு இல்லை என்றது. பண்ணை நடுவில் ஒரு ஸ்டாண்டில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றைத் தினமும் துடைக்க வேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. பண்ணை முழுவதையும் கழுவும் நாளில்தான் அதற்கும் குளியல். இரண்டும் தருகிற மின்சாரத்தில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவையும் தூசி தின்றதாகக் கணக்கு. அது வெறும் இரண்டு சதவீதம் என்றது. அப்படியானால் மிச்சக் குறை ஒயரிங்கில். ஒயரிங் என்றால் அவன் தலை.

மூன்று வாரமாக ஒவ்வொரு இணைப்புப் பெட்டியாகத் திறந்து மூடியாயிற்று. ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்கவில்லை. இன்று தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் அம்மாள் வருகிறார். பழுதைக் காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று விடிந்ததும் விடியாததுமாக ஸ்டாண்டுக்குப் போனான். அங்கே கழுவும் வேலைக்கு சூப்பர்வைசராக இருந்த அவனுடைய அக்கா புருஷன், தொடக் கூடாத பலகையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோன எச்சம் ஒன்று வர மறுத்தது. அதன் மேல் காறித் துப்பித் துண்டால் தேய்த்தார். பிறகு அதே துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் முகத்தைச் சுளித்தான்.

“மாமா, என்ன பண்றீங்க?”

மாமா திடுக்கிட்டார். ஆள் யாரென்று தெரிந்ததும் பல்லைக் காட்டினார். “நீயா மாப்ளே! வேற யாரோன்னு பயந்துட்டேன்.”

“நான்னா பயம் இல்லையா? மூணு வாரமா நாயா அலையறேன். எல்லாம் தெரிஞ்சும் வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கீங்க.”

“இந்தத் தூசிக் கணக்கு அஞ்சு சதவீதத்தைத் தாண்டினா மொத்தத்தையும் கழுவச் சொல்லிடுவாங்க. தண்ணிக்கு எங்க போறது?”

“மாசம் எட்டு லாரி வருதே?”

மாமா குரலைத் தாழ்த்தினார். “நம்ம புது வீட்டுச் சுவர் எந்தத் தண்ணியில நனையுதுன்னு நினைச்சே? லீவு நாள்ல நீதானே பைப்பைப் பிடிச்சு அடிக்கிறே? மாடி ரூம் உனக்குத்தான்னு அக்கா சொல்லிட்டா. வேலை போனா போகுது போ, என் ஆளுங்களோட சேத்துக்கறேன்.”

சே, என்ன மனுஷன்! வேலைக்கு உலை வைத்துவிட்டு, பிச்சையும் அவரே போடுவாராம். தோளில் போட வந்த கையைத் தட்டிவிட்டு நடந்தான்.

அறையிலிருந்த நாலு கேன் குடிதண்ணீரையும் வண்டியில் ஏற்றினான். ஒரே ஒரு வரிசை, இருபது பலகை. பழந்துணியை நனைத்து நனைத்துத் துடைத்தான். சேறு முழங்கை வரை வழிந்தது. இன்ஜினியர் அம்மாள் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவர் கையிலேயே மீட்டரைக் கொடுத்தான். பக்கத்து வரிசையில் ஏழு ஆம்பியர். கழுவிய வரிசையில் எட்டு புள்ளி எட்டு.

அவர் மறுபடியும் அளந்தார். அதே எண்கள். “ஒயரிங்ல ஒண்ணும் இல்ல. உங்க மேல தப்பில்ல,” என்றார். அவன் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டான். ஆனால் அவர் கிளம்பவில்லை. “அப்போ கழுவுற தண்ணியெல்லாம் எங்க போச்சு?”

அதற்குள் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மாமா அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையும் மிஞ்சும், மாடி ரூமும் மிஞ்சும். கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது அது. அவனுக்கு மாமாவைவிடத் தன்மேல்தான் அதிகமாக அருவருப்பு வந்தது.

“எங்க அக்கா கட்டற வீட்டுக்குப் போச்சு மேடம். நான்தான் பைப்பைப் பிடிச்சேன்.”

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. இன்ஜினியர் அம்மாள் சற்று இரக்கத்தோடு கேட்டார். “அது பண்ணைத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே?”

“லாரியில பண்ணை பேரு பெரிசா எழுதியிருந்தது மேடம்,” என்றான். “எனக்குப் படிக்கத் தெரியும்.”