யூனுஸ் பாயின் இரைச்சல்

காங்கேயம் சாலையில் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியின் இரண்டு இருக்கை விமானத்தில் ஆறேழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ இரைச்சல், அதைப் பழுது பார்க்கும் யூனுஸின் உடம்பிலிருந்துதான் வருகிறது என்பது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. அன்றைக்குக் காற்று பலம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அதற்கு முன் அவர் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு ஃபில்டர் மாற்றினார், பிளக் வயர்களை மாற்றினார், ஆன்டெனாவைக் கழற்றி அடியில் ஏறியிருந்த களிம்பைச் சுரண்டி மறுபடி பூட்டினார். பழுது பார்த்தவரே கூடப் பறந்து பார்க்க வேண்டும் என்பது பள்ளி வழக்கம். ஏறி ஹெட்போனை மாட்டினால் கொசு ரீங்காரம் போல அது வந்துவிடும். கட்டுப்பாட்டு அறையின் பேச்சு காதில் விழாத விமானத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. நிர்வாகமோ இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டது. அறுபதை நெருங்குகிறவருக்கு அந்த வேலையை விட்டால் பேச்சுத் துணைக்கும் நாதி கிடையாது. கோட்டைமேட்டு வீட்டில் அவர் ஒருவர்தான். மகளின் பிரசவத்துக்கு ஷார்ஜா போன மனைவி ரிஃபானா, பேத்தி ரம்ஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கேட்டால் அடுத்த மாதம் என்பார்.

பயிற்சியாளர் யுவஸ்ரீதான் அன்றைக்கு விமானத்தைத் தரையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் அவருடைய முறையையே கையில் எடுத்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தார். விளக்கு, ஜிபிஎஸ், ஆல்டர்னேட்டர், கடைசியில் இன்ஜினும் நின்றது. பேட்டரியில் ரேடியோ மட்டும் ஓடியது. இரைச்சல் அப்படியே இருந்தது.

"பாய், கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் எறங்கி நில்லுங்க."

இறங்கினார், நின்றது. ஏறினார், வந்தது. விமானத்தின் உடம்போடு இணையாமல் தனித்து நிற்கும் தகடு எதுவானாலும் இரைச்சல் போடும், கம்பியால் இணைத்தால் அடங்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. மெக்கானிக் வேலுமணி பாயின் இடுப்பையும் விமானத்தையும் செம்புக் கம்பியால் கட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கம்பிக்கெல்லாம் அடங்காதுங்க பாய்," என்று சொல்லி அதைச் சுருட்டி வைத்துவிட்டார்.

வேலை தப்பித்தது. பழுது பார்க்க அவர், பறந்து பார்க்க வேறொருவர் என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். விமானம் சுத்தமாகப் பேசியது. யூனுஸ் ஓடுபாதை ஓரத்தில் தனியாக அண்ணாந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். ரிஃபானாவோடு பேசும்போதெல்லாம் லைனில் அந்த ரீங்காரம் உண்டு. தூரம்தான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். இனி தன் இரைச்சல் அவர் காதில் விழ வேண்டாம் என்று போனை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வாசற்படிவரை தள்ளிப் போய் நின்றுகொண்டார். ரம்ஷா எடுத்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டு ஒரு கீறல் இல்லாமல் கேட்டது. பிறகு ரிஃபானா போனை வாங்கினார். உடனே இரைச்சல் வந்துவிட்டது. யூனுஸ் இன்னும் பின்வாங்கித் தெருவிலேயே இறங்கி நின்றார். கொஞ்சமும் குறையவில்லை.

"ஏனுங்க, இருக்கீங்களா? அடுத்த மாசம் வந்தர்றேனுங்க."

அவர் வேகமாக உள்ளே வந்து போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இருக்கறேன் அம்மணி, பேசு."

இரண்டு இரைச்சலும் சேர்ந்துகொண்டன. அதற்கு மேல் கொஞ்சம் சத்தமாக, இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசத் தொடங்கினார்கள்.