யார் கேட்பது

சுனாமிக்குப் பிந்தைய பிப்ரவரி அது. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடல் ஏறி இறங்கிய வயல்களில் உப்பு பூத்துக் கிடந்தது. அந்த உப்பு வெறும் தண்ணீருக்கு அசையாது. களிமண்ணை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜிப்சத்தைத் தூவினால் அது உப்பை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். விடுபட்ட உப்பை அடுத்து வரும் மழை அடித்துக்கொண்டு போகும். ஆகவே மழைக்கு முன்னால் ஜிப்சம் வந்தாக வேண்டும்.

பிரான்சின் சிறிய நகராட்சி ஒன்று அதை வாங்கித்தரத் தயாராக இருந்தது. அங்கிருந்து வந்த மதாம் அரசு அலுவலகத்தில் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தாள். பேச்சை மொழிபெயர்க்க, லாஸ்பேட்டைக் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் நிர்மலாதேவியை அழைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு பக்கம் அதிகாரி சக்கரபாணி. மறுபக்கம் விவசாயிகள் சார்பில் வந்த அவள் தம்பி வெற்றிவேல்; அவன் நிலமும் உப்பில்தான் கிடந்தது.

வாசலிலேயே சக்கரபாணி எச்சரித்திருந்தார். "பாரும்மா, நாம வாயத் தொறந்து கேக்கக் கூடாது. வேற நாட்டு அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டறதில்லன்றது டெல்லி முடிவு. நம்ம கப்பலே இலங்கைக்குத் தண்ணி ஏத்திக்கினு போயிருக்கு, தெரியுமில்ல?"

அவளுக்கும் அது புரிந்தது. தன் வீட்டில் இழவு விழுந்த அன்றும் பக்கத்து வீட்டுக்குச் சோறு அனுப்புகிறவனைத் தேடி, அவன் கூப்பிடாமலே நாலு பேர் வருவார்கள். அந்தக் கப்பலைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் இந்த மதாமே வந்திருந்தாள்.

ஆனால் மதாம் சொன்னாள்: "உங்களிடமிருந்து ஒரு 'தெமாந்த்' வேண்டும். அது இல்லாமல் எங்கள் நகர மன்றத்தில் எதுவும் நகராது."

சக்கரபாணி துள்ளி எழுந்தார். "டிமாண்டா? நாம எங்கம்மா டிமாண்ட் பண்ணோம்?"

"டிமாண்ட் இல்ல சார். பிரெஞ்சுல அதுக்குச் சும்மா கேக்கறதுன்னுதான் அர்த்தம்."

"அதத்தாம்மா கூடாதுன்றேன்!"

வெற்றிவேல் அவள் பக்கம் சாய்ந்தான். "இன்னாக்கா சண்ட? கேக்கறோம்னு சொல்லிட்டுப் போயேன்."

"சும்மா இருடா."

"நீ சும்மா இருப்ப. உப்பு என் நெலத்துலதான கெடக்குது."

கேட்கிறோம் என்று சொன்னால் சக்கரபாணி கூட்டத்தையே கலைத்துவிடுவார். சொல்லாவிட்டால் மதாம் வெறுங்கையோடு ஊர் திரும்புவாள். வேறு வழியில்லாமல் நிர்மலா இந்தச் சிக்கலை அப்படியே மதாமிடம் விளக்கினாள். மதாம் சற்று யோசித்துச் சிரித்தாள். "ஒரு தெமாந்த் வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. அதை யார் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. நானே கேட்கிறேன். கொடுக்க எங்களை அனுமதியுங்கள்."

இதைத் தமிழில் கேட்டதும் சக்கரபாணி முகம் மலர்ந்தது. "ஆங்! இது மரியாத." உடனே குரல் தாழ்ந்தது. "ஆனா அனுமதி நான் குடுக்க முடியாதேம்மா. டெல்லிக்கு எழுதணும்."

"எப்ப சார் வரும்?"

அவர் மதாமுக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

"இன்னாக்கா, கேட்டாச்சா?" என்றான் வெற்றிவேல்.

"கேட்டாச்சுடா. அவங்க நம்மளக் கேட்டிருக்காங்க."

"நம்மளயா?" அவன் திகைத்தான். "சரி, நாம எப்பக் குடுப்போமாம்?"

வெற்றிவேல் என்ன சொல்கிறான் என்று மதாம் ஆவலோடு விசாரித்தாள். சக்கரபாணியின் பார்வை நிர்மலாவின் வாயிலேயே இருந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்கிறான்," என்றாள் நிர்மலா, பிரெஞ்சில்.