மூன்றாவது குரல்

அன்னக்கொடிக்கு விடியக்காலையில் நடக்கிற பைத்தியம் பிடித்ததற்குக் கப்பலூர்தான் காரணம். அங்கே ஒரு சின்னப் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற வேலை. பொழுதெல்லாம் உட்கார்ந்தே இருந்து கால் வீங்கிப்போனது. தினமும் நட என்றார் டாக்டர். அவள் ஊரான கீழக்குயில்குடியில் ஒரு பொம்பளை தண்ணீருக்கு நடக்கலாம், விறகுக்கு நடக்கலாம். சும்மா நடந்தால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. “எம்பொண்டாட்டி மலையை அளக்கப் போறாக” என்று டீக்கடையில் முதல் ஆளாகச் சிரித்தவன் அவள் புருஷன் வெள்ளைத்துரை.

சிரித்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டு இருளாயி, பட்டறையிலும் பக்கத்து ஸ்டூல்காரி, துணைக்கு வந்தாள். மலையடியில் கருப்புசாமி கோயில் ஆலமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். சாமி எல்லையில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. பாறையில் வெட்டிய சமணர் படுக்கை வரை ஏறி, அந்தப் பக்கமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு அதே ஆலமரத்துக்கு வந்து சேர்வார்கள். பாறையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். கீழே குளத்தில் தாமரை விரியும். எங்கோ மயில் அகவும். மாமியார், பிள்ளைகள், சூப்பர்வைசர் எவருடைய குரலும் எட்டாத அந்தக் கொஞ்ச நேரம் அன்னக்கொடிக்குச் சொர்க்கம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. இருட்டு விலகுமுன் மலையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாவது தடவை கூப்பிடும் வரை திரும்பவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். தாய்ப்பாலோடு குடித்த பயம் இது. வேறு எதைச் சொன்னாலும் சிரிக்கிற அன்னக்கொடி, இதற்கு மட்டும் சிரிக்கமாட்டாள்.

அன்றைக்கு மார்கழிப் பனி. முந்தின சாயங்காலமே இருளாயி தலைவலி என்றிருந்தாள். தூங்கட்டும் என்று அன்னக்கொடி தனியாகக் கிளம்பிவிட்டாள். பாதி ஏறியிருப்பாள், முதுகுக்குப் பின்னால் கீழேயிருந்து வந்தது அந்தக் குரல்.

“அன்னக்கொடீ...”

இருளாயியின் குரல். அச்சு அசல் அவள் குரல்.  வீட்டில் படுத்துக் கிடப்பவள் இங்கே எப்படிக் கூப்பிடுவாள்?

“அன்னக்கொடீ...”

இந்தமுறை இழுவையாக, அழுவது மாதிரி. மூன்றாவதற்குக் காது கொடுத்து நின்றாள். வரவில்லை. அவ்வளவுதான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். சமணர் படுக்கையையும் பார்க்கவில்லை, குளத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கமாக விழுந்தடித்து இறங்கி ஆலமரத்தடிக்கு வந்துதான் மூச்சுவிட்டாள்.

செருப்பைத் தேடிக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. வார் அறுந்து, ஊக்குக் குத்திய செருப்பு. பட்டறையில் எல்லாரும் கேலி செய்கிற இருளாயியின் செருப்பு.

பேய் ஊக்குக் குத்திய செருப்பா போட்டுவரும்? தலைவலியோடு பின்னாலேயே வந்திருக்கிறாள் பாவி. வந்து, என்னவோ ஆகியிருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். நான் ஓடியிருக்கிறேன்.  ஊருக்குள் ஓடி ஆள் கூட்டிவர மனசு பொறுக்கவில்லை. ஏறிய வழியிலேயே மறுபடி ஏறினாள். பனியும் இருட்டும் இன்னும் முழுசாக விலகவில்லை.

“இருளாயீ!”

சத்தமில்லை. ஒரு கொக்குகூடக் கத்தவில்லை.

“ஏய், இருளாயீ!”

ஒன்றுமில்லை. செத்துப்போனாளோ? அவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்?  இனிக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. கூப்பிடாமலே நின்றாள், கொஞ்ச நேரம். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

“இருளாயீ!”

“இங்கிட்டுத்தான்டி கெடக்கேன்!” என்று காலடிப் பள்ளத்திலிருந்து வந்தது பதில்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டி, கணுக்கால் வீங்கி, முகமெல்லாம் கண்ணீராகக் கிடந்தாள் இருளாயி. அன்னக்கொடி இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

“ரெண்டு தடவை கூப்புட்டேனேடி, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“மூணாவது கூப்புடட்டும்னு இருந்தேன்.”

“நீ மட்டும் ஏன்டி மூணாவது கூப்புடல?”

“கூப்புடத்தான் வாயெடுத்தேன். நீ திரும்பாம நின்னியா, பனிக்குள்ள அந்த முதுகைப் பாக்கவே பயமாப் போச்சு. அன்னக்கொடியா இருந்தா என் கொரலுக்குத் திரும்பியிருப்பாளே, இது வேற என்னமோன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.”

அன்னக்கொடி குனிந்து, மாட்டிய காலைப் பாறையிலிருந்து மெல்ல உருவினாள்.

பங்குனியில் இருளாயி விந்தி விந்தி மறுபடி நடக்க வந்தாள். அன்னக்கொடி எப்போதும்போல் முன்னால் போய்விட்டாள். அரைகுறை வெளிச்சம். பின்னாலிருந்து, “அன்னக்கொடீ...” என்று ஒரே ஒரு குரல். உடம்பெல்லாம் புல்லரித்தது. சட்டென்று திரும்பினாள்.

“என்னடி?”

இருளாயி பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “மொதக் கூப்பாட்டுக்கே திரும்பிட்டியே, பேயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“என்ன வேணும்னு கேட்டிருப்பேன்” என்றாள் அன்னக்கொடி. அவள் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.