பழந்துப்பாக்கிகளுக்கு இன்சூரன்ஸ்

இராஜரட்ணத்துக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி செத்த பிறகு, புலம்பெயர்ந்து வந்து வாங்கிய அஜின்கோர்ட் வீட்டில் அவருக்குத் துணை பழைய துப்பாக்கிகள்தான். எல்லாம் நூறு வருடம் தாண்டியவை. முன்வாசலைத் திறந்ததும் வரும் விறாந்தைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். ஞாயிறுகளில் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்.

1996 இல் தங்கை மகள் நிலாணி அகதியாக வந்து அவருடன் தங்கினாள். அவளுடைய புருசனை ஊரில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவள் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் பக்கத்துத் தெருவில் களவு போனது. இராஜரட்ணம் பயந்துபோய் இன்சூரன்ஸ் முகவர் அன்புராசாவைக் கூப்பிட்டார்.

"வீட்டு இன்சூரன்ஸ் உதுகளுக்குக் காணாது அங்கிள். ஒவ்வொண்டையும் மதிப்புப் பாத்துத் தனிய எழுதவேணும். இஞ்சயே வைக்கப்போறியளோ, வெளியில காவல் உள்ள இடத்தில வைக்கப்போறியளோ?"

"இஞ்சதான். பாக்கத்தானே வாங்கினனான்."

"அப்ப, விறாந்தையால ஆர் ஆர் போய்வாறவை எண்டு கம்பனி கேக்கும்."

"நானும் மருமகளும்தான். என்ன பிள்ளை?"

தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்ற நிலாணி, துப்பாக்கிச் சுவரின் பக்கம் பார்க்காமல் தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்லை மாமா. நான் பின்வாசலாலதான் போய்வாறனான்."

பனிக்குள்ளும் அவள் வீட்டைச் சுற்றிப் போவதை அவர் கண்டிருக்கிறார். பஸ்ஸுக்கு அது கிட்ட என்று நினைத்திருந்தார்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கட வீடு மாமா. இருக்க இடம் தந்தனீங்கள். அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?"

அன்புராசா பேனையை மூடினான். இராஜரட்ணம் அவன் பக்கம் திரும்பினார்.

"வெளியில வைக்கிறதுக்கே எழுதும் தம்பி."

அடுத்த கிழமை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியில் சுற்றி, காவல் உள்ள இடத்துக்குக் கொடுத்துவிட்டார். வெறுமையான சுவரைப் பார்த்து நிலாணிதான் அழுதாள். தன்னால் மாமாவின் ஒரே சந்தோசமும் போய்விட்டது என்றாள். எவ்வளவு சொல்லியும் அவள் மனம் ஆறவில்லை. பங்குனியில், கிட்டவுள்ள மல்வேர்னில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துப் போய்விட்டாள்.

அன்புராசா போனில் கூப்பிட்டான். "இனித் திருப்பிக் கொண்டுவரலாமே அங்கிள்? மாத்தி எழுதித் தாறன்."

"வேண்டாம் தம்பி. பிள்ளை வந்தாலும் வரும்."

தீபாவளிக்கு அவள் வந்தாள். சமைத்து, அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். ஓரிரவு நின்றுவிட்டுப் போகச் சொன்னார். விடிய வேலை என்று சொல்லிவிட்டு, அவர் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.