முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

காவல்காரருக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் நேரில் ஒரு கோல் விழுந்துகூடப் பார்த்ததில்லை. இதென்ன கூத்து என்கிறீர்களா? பார்த்த வேலை அப்படி. பெரிய மைதானத்தில், கோட்டுக்கு வெளியே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை முறைத்துக்கொண்டு நிற்கவேண்டும். எவனாவது பாட்டில் வீசுகிறானா, வேலி தாண்டுகிறானா என்று பார்க்கவேண்டும். திரும்பினால் சீட்டுக் கிழிந்துவிடும். எதிரே அத்தனை வாயும் ஒரே நேரத்தில் பிளந்தால், சரி, விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். முப்பது வருஷம் இப்படியே ஓடியது. புறமுதுகு காட்டியே சம்பளம் வாங்கினவர் என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள்.

பழக்கம் வீட்டிலும் விடவில்லை. டி.வி.யில் ஆட்டம் ஓடினால், டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பார்ப்பவர்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கல்யாணத்தன்னைக்கே என்னைப் பாக்கலையே இந்த மனுஷன்! வந்த கூட்டத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தார்" என்பாள் மனைவி.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒரே ஓர் ஆசைக்கு ஒதுக்கினார். கடல் கடந்து போய், பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்தை மனைவியோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும். டிக்கெட், விமானம், ஓட்டல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று. வந்ததே தொற்று! ஊரையே இழுத்து மூடினார்கள். கோப்பை தள்ளிப்போனது, எதுவரை என்று எவனுக்கும் தெரியவில்லை. மிச்சச் சேமிப்புக்கு வந்துகொண்டிருந்த வட்டியும் இளைத்துப்போனது. இன்று சாயங்காலத்துக்குள் ரத்து செய்தால் பாதிப் பணம் திரும்பும், இல்லையென்றால் ஆட்டம் நடக்கும்வரை காத்திருக்கவேண்டியதுதான் என்று பயண ஏஜெண்டு சொல்லிவிட்டான்.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, வந்தவரைக்கும் லாபம்னு வாங்கிப் போடுங்க. நாளைக்கே உங்களுக்கோ அம்மாவுக்கோ மூச்சுத் திணறினா என்ன செய்வீங்க?"

அவள் சொன்னது நியாயம்தான்.

"சரிம்மா. ரத்து பண்ணிடறேன்" என்று வைத்துவிட்டு மனைவியிடம், "எனக்குப் பயமா இருக்குடி" என்றார்.

"எனக்கும்தான். அதுக்காக?" என்று சொல்லிவிட்டு அவள் டி.வி.யைப் போட்டாள்.

பூட்டிய மைதானங்களைத் திறந்து, பார்வையாளர் இல்லாமல் நடத்தும் முதல் ஆட்டம். காவல்காரர் வழக்கம்போல் டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"ஐயோ, இங்க வந்து பாருங்களேன்!"

எழுந்து வந்து பார்த்தார். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். கூட்டத்தின் இரைச்சலை மட்டும் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, ஒரு காவல்காரன் நின்றிருந்தான். அதே மஞ்சள் சட்டை, முகத்தில் மாஸ்க், பின்னால் கட்டிய கை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஆளில்லாத நாற்காலிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

கோல் விழுந்தது. அவன் திரும்பவில்லை.

"யாரைடா பாக்கற? ஒரு ஈ காக்கா இல்லையேடா அங்க! திரும்புடா மடையா, உன்னை எவன் கேக்கப்போறான்!" காவல்காரர் போட்ட சத்தத்தில் பீன்ஸ் தட்டு கவிழ்ந்தது. முப்பது வருஷத்துக் கோபம் மொத்தமும் தொண்டைக்கு வந்துவிட்டது.

போன் அடித்தது. ஏஜெண்டு.

"சார், ஆபீஸ் மூடப்போறோம். ரத்து பண்ணிடவா?"

"பண்ணாதே."

"சார், எப்ப நடக்கும்னு உறுதி சொல்ல முடியாது. உங்க வயசையும் கொஞ்சம் யோசிச்சு..."

"என் வயசுக்கு என்னய்யா கேடு? ரத்தாகிறது கோப்பையா இருக்கட்டும், விமானமா இருக்கட்டும், நாங்க ஆக மாட்டோம். நடக்கறப்போ கூப்பிடு."

மகள் என்ன சொல்லுவாளோ என்று மனைவியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு மிச்சப் பணம் இருக்குல்ல. திட்டினா ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்" என்றவள் போனைப் பிடுங்கினாள். "தம்பி, எங்களுக்கு முன் வரிசையா பாத்துப் போடுப்பா."

"முன் வரிசை வேணாம்மா. காவலுக்கு நிக்கறவன் மறைப்பான்" என்ற ஏஜெண்டின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"மறைக்கட்டும்!" என்று காவல்காரர் பக்கத்திலிருந்தே கத்தினார். "அவன் எதிர்ல நாங்க உக்காரணும். கோல் விழுந்தா அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."