மேடு ஏறாத நாலாம் நம்பர் வண்டி

கோல்ஃப் மைதானத்து நாலாம் நம்பர் பேட்டரி வண்டி சமதரையில் ராஜா மாதிரி ஓடும். மேட்டைக் கண்டால் போதும், அதற்கு உயிர் போய்விடும். போன ஞாயிற்றுக்கிழமை கிளப் தலைவரையும் அவருடைய விருந்தாளியையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி, பாதி மேட்டில் நின்று, பின்னால் உருண்டு, மணல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் விருந்தாளி சிரித்துவிட்டார். அடிபட்டிருந்தால்கூடத் தலைவர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

தலைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் ஏறினால் எந்த வண்டிதான் தாங்கும் என்று கிளப் முழுக்க முணுமுணுப்பு. அது அவர் காதுக்கும் போனது. அப்புறம் என்ன, பழி டிரைவர் தலையில் விழுந்தது. பெடலைச் சரியாக மிதிக்கவில்லையாம்! பதினோரு வருஷமாக ஓட்டுகிறவருக்கு மிதிக்கத் தெரியாதாம்! புதன்கிழமை சாயங்காலத்துக்குள் கோளாறு வண்டியில்தான் என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் கடிதம் கொடுத்துவிட்டார்.

டிரைவர் வேறு யாருமில்லை, பட்டறை மெக்கானிக்கின் தங்கை வீட்டுக்காரர். மெக்கானிக் விடுவாரா? இரண்டு நாள் வண்டியோடு மல்லுக்கட்டினார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், பிரேக் பிடித்துக்கொள்ளவில்லை. ஒயர் முனைகளைச் சுரண்டி முறுக்கினார். டயரில் காற்று சரி, மோட்டார் சரி. சீட்டுக்கு அடியில் இருந்த ஆறு பேட்டரிகளையும் மீட்டர் வைத்து அளந்தார். ஒவ்வொன்றும் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சோதனைப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்களே. அப்போ டிரைவர்தான்" என்றார் மேனேஜர், படிவத்தை ஆட்டிக்கொண்டே.

"சார், அது வண்டி நிக்கும்போது அளந்தது. சும்மா நிக்கிறப்போ எந்த பேட்டரியும் நல்ல பிள்ளை வேஷம் போடும். மேடு ஏறுறப்போ அளந்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டமே இல்லையே?"

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது! மெக்கானிக் நேராகத் தலைவரிடமே போனார். "ஐயா, உங்க எடையால இல்ல, கோளாறாலதான் வண்டி நின்னுச்சுன்னு எல்லார் முன்னாடியும் காட்டிடறேன்" என்றார். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. புதன்கிழமை காலை கமிட்டி ஆட்கள் மொத்தப் பேரும் மேட்டடியில் தொப்பியும் கையுமாக வந்து நின்றார்கள்.

டிரைவர் ஓட்ட, பக்கத்தில் தலைவர். முந்தின நாளே மேடேற்றிப் பார்த்துச் சந்தேகப்பட்டு வைத்திருந்த அஞ்சாவது பேட்டரியில் ஒயரை மாட்டி, மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்திலேயே நடந்தார். அவர் நடை வண்டியை முந்திக்கொண்டு போனதால் இரண்டு முறை நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

"மாப்ள, முழுசா மிதிங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"ஒட்ட மிதிச்சுத்தான் இருக்கேன் மச்சான்!"

எட்டாக இருந்த எண் ஆறானது, ஐந்தானது, மூன்றரையில் போய் விழுந்தது. பாதி மேட்டில் வண்டி நின்றது. டிரைவர் கைபிரேக்கை இழுத்தார்.

"பார்த்தீங்களா ஐயா! மத்த அஞ்சும் இழுக்குது, இது ஒண்ணு படுத்துக்குது. இதை மாத்தினா வண்டி பறக்கும்!" மெக்கானிக்குக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தங்கைக்கு உடனே போன் போடலாமா என்றுகூட நினைத்தார்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பேட்டரி மாற்ற மூன்று கமிட்டிக் கூட்டமாவது வேண்டும். எல்லாம் நன்று என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "நீ கொஞ்சம் இறங்கு" என்றார்.

டிரைவர் இறங்கினார். ஊதினால் பறக்கிற உடம்பு.

"ஐயா, நீங்களே பெடலை மிதிங்க."

தலைவர் நகர்ந்து உட்கார்ந்து மிதித்தார். வண்டி ஒரு முறை உதறியது. முனகியது. ஆமை மாதிரி நகர்ந்து, இதோ நிற்கிறது அதோ நிற்கிறது என்று போக்குக் காட்டி, கடைசியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேவிட்டது. கமிட்டி கைதட்டியது. மேலே தலைவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மீட்டரோடு கூடவே ஏறிய மெக்கானிக் ஒயரைக் கழற்றிக்கொண்டு ஓடி இறங்கி வந்தார்.

"ஐயா கரெக்டா போயிட்டார். ஆள் ஒண்ணு அதிகம், அதான் விஷயம்" என்றார் மேனேஜர்.

"சார், அது அப்படி இல்ல. பாரம் குறைஞ்சா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா பேட்டரி செத்துட்டுத்தான் இருக்கு. இப்ப ஏறுறப்பக்கூட அஞ்சுக்கு மேல காட்டல, வேணும்னா நீங்களே வந்து பாருங்க!"

யார் பார்ப்பது? கமிட்டி மேட்டின் மேல் தலைவரைப் பாராட்டப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் அங்கேயே, படிவத்தின் பின்பக்கத்தில், இனி மெம்பர்கள் தாங்களே ஓட்டிக்கொள்வார்கள், டிரைவர் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உன் மேல தப்பே இல்லப்பா. அதையும் எழுதியிருக்கேன்" என்று டிரைவர் தோளில் தட்டிவிட்டு அவரும் மேலே ஏறினார்.

மேட்டின் நடுவில் இரண்டு பேர்தான் மிச்சம். மெக்கானிக் மீட்டர் ஒயரைச் சுருட்டினார். டிரைவர் சட்டையில் குத்தியிருந்த கிளப் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மிதிக்கத் தெரியாதவன்னு சொல்லியிருந்தா, கெஞ்சிக் கூத்தாடியாவது ஒட்டிக்கிட்டிருப்பேன்" என்றார். "உங்கள யாரு மச்சான் அளக்கச் சொன்னா?"